குருவம்மாளின் புருசன் பேஸ்புக்கில் செத்த கதை

குருவம்மாளைத் தெரியாத ஜீப்பு டிரைவர் போடியில் இருக்க மாட்டான். விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு வந்து முன்சீட்டைப் பிடித்துவிடுவாள். ஏலக்காய் பறிக்க மலைக்குப் போகும் மற்ற பெண்கள் பின்னால் புளிமூட்டை மாதிரி அடைந்து கிடப்பார்கள். "வெரசா ஏறுங்கடி, கங்காணிகிட்ட என்னால பேச்சு வாங்க முடியாது" என்று முன்னாலிருந்தே அதிகாரம் பண்ணுவாள். வாய் பெரிது. நெற்றிக் குங்குமம் அதைவிடப் பெரிது. வேர்வையில் அழிந்துவிட்டால் மடியிலிருந்து சிமிழை எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டுதான் அடுத்த செடிக்குப் போவாள். புருசன் ராக்கையா ஏலக்காய்க் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். அவரோடு வாரம் தவறாமல் சண்டை போடுவாள். ஆனால் வேறு யாராவது அவரை ஒரு சொல் சொல்லிவிட்டால் தெருவே இரண்டுபடும்.

எதிர்வீட்டு முத்துப்பிரியா இவளை அத்தே என்று கூப்பிட்டு, இவள் கையால் சோறு தின்று வளர்ந்தவள். தாய் சீக்கிரமே போய்விட்டதால், தலை பின்னுவதும் பரீட்சைக்குத் திருநீறு பூசி அனுப்புவதும் அத்தைதான். கல்லூரி முடித்துவிட்டுச் சும்மா இருந்தவளை, மலைத்தோட்டப் பெண்கள் நலச்சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனதும் அத்தைதான். "இவ என் மக மாதிரி. போன்ல என்னென்னமோ பண்ணுவா, சேத்துக்கங்க" என்று தலைவியிடம் மன்றாடி வேலை வாங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து சங்கத்தின் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வெளியூர்க் கம்பெனிகளுக்கு மெயில் எல்லாம் முத்துப்பிரியாவின் சோலி.

சங்கப் பெண்கள் மலைக்குப் போய்வரச் சொந்தமாக ஒரு ஜீப்பு வேண்டும். அதற்கு நன்கொடை கேட்டு விளம்பரம் போட முத்துப்பிரியா மலைக்கே வந்தாள்.

"அத்தே, செடிகிட்ட நில்லு. சிரிக்காத."

"சிரிக்காம போட்டோ எடுக்க நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றாலும், பிள்ளை கேட்கிறாளே என்று மூஞ்சியை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நாள் கழித்துக் கிடங்கில் ஒருவன் ராக்கையாவிடம் கேட்டான். "என்னண்ணே, நீங்க செத்துப் போயிட்டீங்களாமே?"

போனை நீட்டினான். படத்தில் குருவம்மாள் நின்றாள். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் தாலி இல்லை. பச்சைச் சேலையை வெளுக்க வைத்திருந்தார்கள். ஜீப்பு விபத்தில் கணவனைப் பறிகொடுத்த பிறகும் அதே மாதிரி ஜீப்பில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் தாய் என்று கீழே எழுதியிருந்தது. அதற்கும் கீழே ஊர்பேர் தெரியாதவர்கள் போட்ட அழுமூஞ்சிப் பொம்மைகள் வரிசையாக நின்றன.

குருவம்மாள் அன்றைக்குத் தெருவில் நின்று கத்தவில்லை. அதுதான் தெருக்காரர்களான எங்களுக்குப் பயமாக இருந்தது. நேரே எதிர்வீட்டுக்குள் போனாள்.

"உனக்குச் சோறு போட்ட கை இது. என் பொட்ட அழிக்க எப்பிடி ஆத்தா மனசு வந்துச்சு?"

முத்துப்பிரியா அழுதுவிட்டாள். "படத்துலதான அத்தே அழிச்சேன்? நல்லா இருக்கவுகளுக்கு எவன் குடுக்குறான்? இதப் பாத்துத்தான் கம்பெனிக்காரங்க ஜீப்பு தர்றோம்னு சொல்லிட்டாங்க. ஆண்டு விழாவுக்கு வர்றாங்க. மாமா உசுரோடதான் இருக்காருன்னு அன்னைக்கு மேடையில நானே சொல்லிர்றேன். அவரையும் கூட்டிட்டு வா."

குருவம்மாள் நம்பினாள். வளர்த்த பிள்ளையின் வாக்கை நம்பாமல் வேறு யார் வாக்கை நம்புவது?

விழாவன்று ராக்கையாவுக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டு, தானும் பட்டுச்சேலையும் நெற்றி நிறையக் குங்குமமுமாகப் போனாள். வந்திருந்த கம்பெனி அதிகாரி வெள்ளைக்காரர். பொட்டைப் பற்றியும் தாலியைப் பற்றியும் அவருக்கு என்ன தெரியும்? இருவரையும் மேடையேற்றிவிட்டு முத்துப்பிரியா மைக்கில் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினாள். கடைசியில் ராக்கையா பக்கம் கையைக் காட்டினாள்.

"ஹெர் பிரதர்."

குருவம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பிரதர் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் போடியில் யார்? ராக்கையா எதையும் கவனிக்காமல் தோளில் விழுந்த சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். குருவம்மாள் முத்துப்பிரியாவையே பார்த்தாள். அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குருவம்மாள் எட்டிப்போய் அவள் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"ஐயா, இவரு என் அண்ணன் இல்ல. என் புருசன். சாகல. குத்துக்கல்லாட்டம் உங்க முன்னால நிக்கிறாரு."

அதிகாரி முத்துப்பிரியா பக்கம் குனிந்து, அந்தம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"ஷீ இஸ் தேங்கிங் யூ, சார்" என்றாள் முத்துப்பிரியா.

அதிகாரி நெகிழ்ந்துபோய்க் குருவம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு ஜீப்புச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

குருவம்மாள் கீழே பார்த்தாள். முன்வரிசை முழுக்க அவளோடு மலைக்குப் போய்வரும் பெண்கள். ராக்கையாவை வாய் நிறைய அண்ணே, மாமா என்று கூப்பிடுகிறவர்கள். ஒருத்தி எழுந்து, ஆமாம் அவள் சொல்வதுதான் நிஜம் என்று சொல்லியிருந்தால் போதும். அவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் கை தட்டினார்கள்.