பிரிக்காத கடுதாசிக்கு ஒன்பது நாள் செபம்

அதத்தான் சொல்றேன் தங்கச்சி, எதுத்த வீட்டு மருமகளுக்குக் கடுதாசி வந்தா தெருவுல நின்னுகிட்டே கிழிச்சுப் படிச்சிடுறா. உள்ள என்ன இருக்கோன்னு ஒரு பயம் வேணாமா? நான் ஒரு கடுதாசிய ஒன்பது நாள் பிரிக்காம வச்சிருந்தவ. சிரிக்காதீங்க, கேளுங்க.

அப்ப நாங்க ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலத் தோட்டத்துல இருந்தோம். எங்க வீட்டுக்காரரு கடுகண்ணாவையில ரயில் பாதை வேலைக்குப் போயிருந்தாரு. அவரு போன ரெண்டாம் மாசம் அந்தப் பக்கமெல்லாம் மலேரியாக் காய்ச்சல். கொழுந்து நிறுக்கிற எடத்துல தெனம் சாவுக் கததான். எனக்குக் கையில பால்குடிப் புள்ள. எங்கன்னு போய்ப் பாக்குறது?

அந்த நேரத்துல கடுதாசி வந்துச்சு. எனக்கு ஒரு எழுத்துந் தெரியாது. அவருக்குந் தெரியாது. அப்ப வேற யாரோதான் எழுதியிருக்காங்க. அவரு சொல்லி எழுதுனதா, அவரப் பத்தி எழுதுனதா? மோந்துகூடப் பாத்தேன். ரயில் கரி வாசந்தான் அடிச்சிச்சு.

கணக்கப்பிள்ளகிட்டக் குடுத்தாப் படிச்சிடுவாரு. ஆனா லயத்து வீடு பூரா கேக்குற மாதிரி சத்தமாப் படிக்கிற ஆளு. அவருகிட்டப் போகல. மாதா படத்துக்கு முன்னால கடுதாசிய வச்சு நவநாள் தொடங்கிட்டேன். ஒன்பது நாள் செபமால சொல்லி முடிச்சிட்டுப் படிக்கச் சொல்லுவோம், அதுக்குள்ள மாதா நல்லதா ஆக்கி வச்சிருவாங்கன்னு.

பக்கத்துக் காம்பராவுல குடியிருந்த அக்கா மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவங்க. வந்து படத்தப் பாத்தாங்க, கடுதாசியப் பாத்தாங்க.

"ஏன்டி, கடுதாசி படிக்கத்தானே அனுப்புறாங்க, கும்புடவா?"

"பயமா இருக்குக்கா."

"எழுதி ஒட்டி வந்தத, ஒங்க மாதா உள்ள பூந்து அழிச்சு எழுதுவாங்களாக்கும்."

சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அது பெரிய யோசனையாப் போச்சு. கொழுந்து பறிக்கிறப்பவும் அதே நெனப்பு. நடந்து முடிஞ்சதுக்குச் செபம் பண்ணலாமா? ஆண்டவருக்கு நேத்துன்னும் நாளைன்னும் ஒண்ணு உண்டா?

மொத மூணு நாளும் வாய் செபஞ் சொல்லுது, கண்ணு கடுதாசியிலயே நிக்குது. நாலாம் நாள், செவ்வாய்க்கெழம, பொழுது சாயுற நேரம், மணிய உருட்டிக்கிட்டே இருக்கேன், மனசு அடங்கிப்போச்சு. பொங்குற பால்ல தண்ணி தெளிச்சா அடங்குமே, அந்த மாதிரி. அவரு இருந்தாலும் ஆண்டவரு கையில, இல்லன்னாலும் ஆண்டவரு கையிலன்னு ஒரு நெனப்பு. யாருஞ் சொல்லல. தானா வந்துச்சு.

அப்பவே படிக்கக் குடுத்திருக்கலாம். ஆனா தொடங்குன நவநாளப் பாதியில விடலாமா?

ஒன்பதாம் நாள் ஞாயித்துக்கெழம. செபஞ் சொல்லிக் குடுக்க வந்த உபதேசியாருகிட்ட நீட்டுனேன். அவரு பிரிச்சுப் படிச்சாரு: "காய்ச்சல் விட்டு விட்டு வருது. ரொம்பக் குளிருது. என் கம்பளிய யாருகிட்டயாச்சும் ஒடனே குடுத்து விடு."

படிச்சிட்டு என்னய நிமுந்து பாத்தாரு. அந்தக் கம்பளியத்தான் நான் போத்திக்கிட்டு நிக்கிறேன்.

அன்னைக்கே அந்தப் பக்கம் போன கங்காணிகிட்டக் கம்பளி போச்சு. மாசக் கடைசியில அதப் போத்திக்கிட்டே அவரும் வந்துட்டாரு, எலும்புந் தோலுமா. கடுதாசி ஒன்பது நாள் பிரிக்காமக் கெடந்தத நானே சொன்னேன்.

"ஒன்பது நாளா என்னடி பண்ண?"

"ஒங்களுக்குத்தான் செபம் பண்ணேன்."

"நான் சாக்கப் போத்திக்கிட்டு நடுங்குறேன், நீ எங் கம்பளிக்குள்ள ஒக்காந்து செபம் பண்ணியா?"

சாகுறவரைக்கும் அத வச்சே என்னயக் கிண்டல் பண்ணாரு. அது போகட்டும். நான் ஆசையாக் கேட்டேன், "அந்தச் செவ்வாய்க்கெழம ஒங்களுக்குக் காய்ச்சல் விட்டுச்சுதானே?"

"அன்னைக்கா? பக்கத்துல படுத்திருந்தவன் செத்தது அன்னைக்குத்தான். நானும் போயிருவேன்னே நெனச்சேன்."

பாத்தீங்களா தங்கச்சி? அவரு சாகக் கெடந்த நேரத்துல எனக்கு மனசு அடங்கியிருக்கு. அவருக்கு நல்லானதால வந்த அமைதி இல்ல அது. அப்ப எதனால? உபதேசியாரு, "குடுத்தா வாங்கிக்கம்மா, எதுக்கு நோண்டுற"ன்னாரு. நான் நோண்டாம இருப்பேனா? இத்தன வருசமா யோசிச்சதுல எனக்கு என்ன தோணுதுன்னா, அந்தச் செபம் கடுதாசிக்குள்ள போகல, அது வந்து... இருங்க, மழ தூறுது, கொடியில துணி கெடக்கு.