"ஊருக்குப் போறேங்க"

ஒரே சொல்லுக்காக விசா மறுப்பார்களா? இன்றும் எனக்கு விளங்கவில்லை.

சென்னையில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்ததும், மகளை மாமியாரிடம் விட்டு, கணவருடன் ஹாலிஎலவில் ரயிலேறிக் கொழும்புக்குப் போனேன். இந்தியத் தூதரகத்தில் விசா அதிகாரி, "எங்கம்மா போறீங்க?" என்றார்.

பதற்றத்தில், "ஊருக்குப் போறேங்க" என்றேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இந்தியாவை அப்படித்தான் சொல்வோம். நிரந்தரமாகப் போகிறவர்களும் அதையே சொல்வார்கள்.

"இது படிச்சுட்டுத் திரும்புறவங்களுக்கான விசாம்மா" என்று மறுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் கணவர், "பொறந்தது தெமோதரை, பாக்காத மெட்ராஸ் ஒனக்கு ஊரா?" என்று கேலி செய்தார். எனக்கு அழுகை வந்தது.

இப்போது 'இந்தியா' என்றே சொல்லிப் பழகுகிறேன். ரயில் சத்தம் கேட்டாலே மனம் இன்னும் பார்க்காத அந்தச் சென்னை வகுப்பறைக்குப் போய்விடுகிறது. மீண்டும் விண்ணப்பிக்கப் போகிறேன். மகளைப் பற்றிச் சொன்னால், பிள்ளைக்காக இவள் திரும்பி வருவாள் என்று நம்புவார்களா? பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் படிப்பாள் என்பார்களா? விவரம் தெரிந்த சகோதரிகள் எழுதுங்களேன்.