சைக்கிளுக்கு ஒரு கும்பிடு

போன வாரம் மலாக்கா காஜா பேராங்கில் ஆசிரியர் கூட்டம். கோலாலம்பூரிலிருந்து வந்த லெக்சரர் மானிடவியல் படித்தவராம். பள்ளிக்கூடத்தில் யார் தலைவர் என்று நாற்காலியைப் பார்த்துச் சொல்லக்கூடாதாம். பிள்ளைகள் யாரைப் பார்த்துச் செய்கிறார்களோ, அவர்தான் தலைவராம்.

எல்லோரும் மும்முரமாகக் குறிப்பெடுத்தார்கள். எனக்கோ சிரிப்பு. இதை நான் ஜப்பான்காரன் காலத்திலேயே படித்தாயிற்றே... அதுவும் கன்னத்தில் வாங்கிக்கொண்டு!

அப்போது இதே காஜா பேராங்கில் நான் சின்ன வாத்தியார். பெரிய வாத்தியார் புக்கிட் பாருவிலிருந்து சைக்கிளில் வருவார். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் தேங்காய் நார்க் கயிறு சுற்றியிருக்கும். கேரியரில் அவித்த மரவள்ளிக் கிழங்கு மூட்டை. பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததே அந்தக் கிழங்குக்காகத்தான். பாடத்துக்காக என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

வகுப்பில் பாதி மலாக்காச் செட்டி வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் பேசுவது மலாய், தமிழ் அரைகுறை. அதனால் பெரியவர் எதையும் விளக்க மாட்டார். செய்து காட்டுவார், பிள்ளைகள் அப்படியே செய்வார்கள். அவர் தும்மினால்கூட வகுப்பே தும்மும்.

ஒருநாள் காலை ஒரு ஜப்பான் ஆபீசர் வந்துவிட்டார். சைக்கிளைக் கண்டால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று, பெரியவர் அதை மூட்டையோடு கிழக்கேயிருந்த விறகுக் கொட்டகையில் தள்ளிவிட்டு ஓடிவந்தார். ஆபீசர் எங்களைக் கிழக்குப் பார்த்து வரிசையில் நிறுத்தி, கிழக்கே கையை நீட்டி, "சைக்கேரே!" என்று கத்தினார்.

யாருக்குப் புரிந்தது? விழித்தோம். முன்னால் நின்ற எனக்கு விழுந்தது பளார் என்று ஓர் அறை. அடுத்து முதல் வரிசைப் பிள்ளைகள்...

பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. "சைக்கிளத்தான் கேக்குறான் தம்பி. புள்ளைங்கள அடிக்க விட முடியாது. குடுத்துர்றேன்" என்றார்.

சைக்கிள் போனால் கிழங்கு போகும். கிழங்கு போனால் பள்ளிக்கூடமே போகும். தெரிந்துதான் அதைக் கொட்டகையிலிருந்து உருட்டிவந்து எங்கள் எதிரில் நிறுத்தினார். மூட்டையையாவது காப்பாற்றலாம் என்று கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். முடிச்சு இறுகியிருந்தது. இன்னும் குனிந்தார்... நிமிரவே இல்லை.

அவ்வளவுதான் — பிள்ளைகள் அத்தனை பேரும் இடுப்பை மடித்துக் குனிந்தார்கள். கன்னத்தைத் தடவியபடி நானும்தான்.

ஆபீசர் முகம் மலர்ந்தது. அவர் கேட்டது, டோக்கியோவில் ஜப்பான் சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கும் திசைக்கு ஆழ்ந்த ஒரு கும்பிடு. 'சைக்கேரே' என்றால் அதுதானாம்; பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று முதல் தினமும் கும்பிட வேண்டும் என்று உத்தரவு. பெரியவரும் தினமும் சைக்கிளைக் கிழக்கே நிறுத்தினார், மூட்டையோடு. நாங்களும் மனதாரக் குனிந்தோம்.

சக்கரவர்த்தி தனக்கென்றே நினைத்திருப்பார், பாவம்!