அரைப்பேர் சுந்தரலிங்கம்

பதுளை பஸார் வீதித் துணிக்கடை ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் நின்றே வேலை பார்த்தவர் சுந்தரலிங்கம். வேலையை விட்டு ஆறு வருஷமாகியும் அவருக்கு உட்காரத் தெரியவில்லை. சோறு தின்பது நின்றுகொண்டு. தேத்தண்ணி குடிப்பது வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டு. எழுபது வயசு மனிதர் ஒரு கதிரையில் கால் மணித்தியாலம் முழுசாக உட்கார்ந்ததை யாராவது கண்டிருந்தால், அது அவர் பல் பிடுங்கப் போன அன்றைக்குத்தான் இருக்கும். அன்றைக்கும் டொக்டர் இரண்டு தரம் அதட்டினாராம்.

"உங்களைச் சுடலையில வச்சாலும் எந்திரிச்சு நின்னு, விறகு சரியா அடுக்கியிருக்கான்னு பார்ப்பீங்க," என்பாள் அவர் மனைவி வடிவம்மா.

"அடுக்குறவன் மடுல்சீமைக்காரனா இருந்தா பார்க்கத்தான் வேணும்."

வடிவம்மா பிறந்தது மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில். பதில் நாக்கு நுனியிலேயே இருக்கும். "பார்த்து என்னத்தக் கிழிக்க? அரைப்பேர் ஆளுதானே!"

அவ்வளவுதான். மனிதர் கோப்பையை வைத்துவிட்டு ரோட்டுக்கு இறங்கிவிடுவார். ஆஸ்பத்திரிச் சந்திவரை போய்த் திரும்பி வந்தால்தான் மூச்சு சரியாகும்.

தோட்டத்துப் பாஷையில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, நாள் முழுக்க மலை ஏறி இறங்கி, சொன்ன நிறைக்குக் கொழுந்து கொண்டுவந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். மழை என்று சொன்னாலும் அட்டை கடித்தது என்று சொன்னாலும் அரைப்பேர் அரைப்பேர்தான். சுந்தரலிங்கத்தின் அரைப்பேர் கொழுந்தில் விழுந்ததல்ல. ரகர் என்கிற ரக்பி ஆட்டத்தில் விழுந்தது.

அறுபதுகளின் கடைசியில் தோட்டத்து உதவி மேனேஜரான ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரையின் பெட்டிக்குள் இருந்து வந்தது அந்த ஆட்டம். அவர் இங்கிலாந்தின் வடக்கே, நிலக்கரி தோண்டும் ஊர்க்காரர். மற்றத் துரைமார் ஆடியது பதினைந்து பேர் ரகர். இவருக்குத் தெரிந்தது பதின்மூன்று பேர் ரகர். கிளப்பில் அவரைச் சேர்க்கவில்லையோ, அவரே சேரவில்லையோ, பின்னேரங்களில் சுந்தரலிங்கம் பிறந்த நமுனுகுலப் பக்கத்து லயத்து வரிசைவீட்டு இளந்தாரிகளைக் கூப்பிட்டுப் பந்தைக் கையில் கொடுத்தார். மடுல்சீமைக்காரர்கள் கேள்விப்பட்டுச் சும்மா இருப்பார்களா? தங்களுக்கும் ஒரு கட்சி சேர்த்துக்கொண்டார்கள். துரை இரண்டே வருஷத்தில் கப்பலேறினார். பந்து தங்கிவிட்டது. நாட்டில் வேறு ஒருவரும் அப்படி ஆடுவதில்லை என்று தெரியாமலே, பசறைக்குக் கிட்ட ஒரு சாய்ந்த திடலில் வருஷத்துக்கு ஒருதரம் இரண்டு மலைக்காரர்களும் மோதினார்கள். பிடிபட்டவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டி, மறுபடி ஓடவேண்டும். பதுளைக் காலேஜ் பையன்கள் ஒருமுறை பார்க்க வந்து, "இது ரகரே இல்லை" என்று சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேரை மரியாதையாகக் களத்துக்குள் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த இருவரும் சிரித்ததாகத் தகவல் இல்லை.

இரண்டு கட்சியும் தோளோடு தோள் முட்டு கொடுத்து நிற்கும்போது எழும்பிய ஆவியில் மேட்டு லயத்துப் பெண்கள் துணி காயவைத்தார்கள். மடுல்சீமைக்காரன் ஒருவன் உதைத்த பந்து பசறைச் சந்தையில் கருவாட்டுக் கூடைக்குள் விழுந்து, டிக்கட் வாங்கி பஸ்ஸில் திரும்பி வந்தது. நம்பாதவர்கள் நமுனுகுல மலையைக் கேட்டுக்கொள்ளலாம். அது மேலே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

ஒரே ஒரு சட்டம் மட்டும் கல்வெட்டு. பிறந்த லயத்துக்குத்தான் ஆடவேண்டும். எந்த மலையில் வேலை செய்தாலும், எந்த மலையில் பெண் கட்டினாலும், தொப்புள்கொடி விழுந்த மலைக்கே தோள் கொடுக்கவேண்டும். அதனால் மச்சானும் மச்சானும் முட்டிக்கொண்டார்கள். மாமனார் மருமகனின் காதைக் கடித்ததும் உண்டு. சீதனத்தில் குறை வைத்ததற்கு அவனும் திருப்பிக் கடித்தான்.

விசில் ஊதியவர் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஜெயரட்ணம். யாழ்ப்பாணத்தவர், வெள்ளைச் சட்டையும் குடையுமாகவே திரிபவர், நேர்மையானவர், ஆட்டம் தெரியாதவர். கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தால் "ட்ரை" என்று கத்தவேண்டும் எனத் துரை சொல்லிக் கொடுத்திருந்தார். கிளாக்கர் ஒப்பவில்லை. "ட்ரை எண்டால் முயற்சி. முயற்சிக்கெல்லாம் ஆரும் புள்ளி குடுப்பினமோ?" அதனால் பந்து வைக்கப்பட்டதும் அவர் கத்தியது, "பேர்!"

பேருக்கு மூன்று புள்ளி. கம்பத்துக்கு மேலால் உதைத்தால் இரண்டு.

கடைசி ஆட்டம் எண்பத்தொன்றில். அதற்குள் இரண்டு மலையிலும் பாதி ஆட்களுக்கு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் அரசாங்கக் கடதாசி வந்துவிட்டது. இந்த முறைதான் பதின்மூன்று சேரும், அடுத்த முறை சேராது என்று எல்லோருக்கும் தெரியும். மடுல்சீமை எட்டு, நமுனுகுல ஆறு. மழை, மழைக்கு மேலே மூடுபனி. சுந்தரலிங்கம் பந்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஓடினார். கோட்டுக்கு அப்பால் விழுந்தார், பந்தோடு விழுந்தார், புல்லில் அழுத்தினார். இதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. அவருக்கு மேலே மலைபோல விழுந்தவன் சந்தனம், வடிவம்மாவின் அண்ணன். கல்யாணமாகி அப்போது ஐந்தே மாசம். பனி விலகியபோது பந்து கோட்டின் மேலேயே குந்தியிருந்தது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

கிளாக்கர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருதரம் பார்த்தார். "முழுசு எண்டும் சொல்லேலாது, இல்லையெண்டும் சொல்லேலாது," என்றவர், உலகத்தில் எந்த ரகர் களத்திலும் விழாத தீர்ப்பை விழுத்தினார். "அரைப்பேர்!"

ஒன்றரைப் புள்ளி. நமுனுகுல ஏழரை, மடுல்சீமை எட்டு. ஏழரை வந்த இடத்துக்குச் சனி வராமல் இருக்குமா? அன்றைக்குப் பிடித்ததுதான், இன்னும் விடவில்லை. துணிக்கடையில் சீட்டித்துணி வாங்க வந்த நமுனுகுலக்காரிகூட, "அரைப்பேர் அண்ணே, மீட்டரையாவது முழுசா வெட்டுங்க," என்றாள். மகள் மேனுஷாவைப் பெண் பார்க்க வந்த இடத்தில், "பொண்ணு யாரு மகள்?" என்று கேட்டவருக்குப் பக்கத்து வீட்டார் சொன்ன அடையாளமும் அதுதான்.

ஆகவே வருஷத்துக்கு இரண்டு தடவை, மாரியம்மன் திருவிழாவுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, அவர் வடிவம்மாவைக் கூட்டிக்கொண்டு மடுல்சீமைக்கு ஏறினார். வாசலிலேயே தொடங்கிவிடும்.

"மச்சான், உள்ளதைச் சொல்லு. அது முழுப்பேர்தானே?"

"கிளாக்கர் ஐயா சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்லுறது மச்சான்? வாங்க, சாப்பிடுங்க."

நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கேள்வியிலும் மாற்றமில்லை, பதிலிலும் மாற்றமில்லை. கோழிக் குழம்பில் மட்டும் காரம் கூடிக் குறைந்தது.

பிறகு கிளாக்கர் காலமானார். கூட ஆடிய கட்சிக்காரர்கள் திருச்சியிலும் கூடலூரிலும் போய்க் குடியேறினார்கள். மிஞ்சிய ஒரே சாட்சி சந்தனம்தான்.

போன மாசம் மேனுஷா தன் போனில் ஒரு ஆட்டத்தைப் பிடித்துக் கொடுத்தாள். அவுஸ்திரேலியாவில் நடப்பது. சுந்தரலிங்கத்துக்குக் கண் பிதுங்கியது. பதின்மூன்று பேர்! பிடிபட்டவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டுகிறான்! அதற்கு மேல், வர்ணிக்கிறவன் வாய்க்கு வாய் ஒரு சொல் சொல்லுகிறான்.

"வடிவு, ஓடியா! அங்கயும் எஸ்டேட்டுக்கு எஸ்டேட்தான் ஆடுறாங்க!"

"அப்பா, எஸ்டேட் இல்ல. ஸ்டேட். மாகாணம் மாதிரி," என்றாள் மேனுஷா. "எந்த மாகாணத்துல மொதல்ல ஆடுனாங்களோ அதுக்குத்தான் ஆடணுமாம்."

"அதான் சொல்றேன். தொப்புள்கொடிச் சட்டம். நம்ம துரை அங்க போய்ச் சொல்லிக் குடுத்திருக்காரு."

ஆனால் பார்க்கப் பார்க்கக் குறை தெரிந்தது. முட்டு என்ற பேரில் கல்யாண வீட்டில் சம்பந்திகள் தழுவிக்கொள்வதுபோலச் சாய்ந்து நின்றார்கள். ஒருவன் காதிலும் ரத்தமில்லை. "இதுவா முட்டு? எங்க முட்டுல ஒருத்தன் தும்முனா பதின்மூணு பேருக்கும் தடிமன் பிடிக்கும்." அப்புறம்தான் அது வந்தது. ஒருவன் கோட்டருகே விழுந்தான், சந்தேகம். ஆட்டத்தை நிறுத்தி, மேலிருந்து, கீழிருந்து, புல்லுக்குள்ளிருந்து என்று ஏழெட்டுத் தினுசாகத் திரையில் காட்டினார்கள். விரல் நுனி பந்தைத் தொடுவதும் தெரிந்தது. பேர் கொடுத்தார்கள்.

சுந்தரலிங்கம் போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிச் சந்திக்குப் போனார். போனவர் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றினார்.

அடுத்த கிழமையே சந்தனத்தின் மருமகளிடமிருந்து போன் வந்தது. வடிவம்மா கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணனுக்கு ஆளு மறக்குதாம். மகனையே யாருன்னு கேக்குதாம்."

சுந்தரலிங்கம் முதலில் சந்தனத்தை நினைத்துத் தலையில் கை வைத்தார். அடுத்த நொடியில் இன்னொன்று நினைவுக்கு வந்து, மற்றக் கையையும் வைத்தார். "அப்ப அது? அதுவும் மறந்துட்டா?"

"எது?"

"நாளைக்கே போறோம். முதல் பஸ்."

பசறையில் மாறி ஏறிய பஸ்ஸில் அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். சந்தனம் வாயால் சொல்லவேண்டும். சொன்னதும் லயத்து வாசலில் நின்று, மூன்று லயத்துக்கும் கேட்கக் கத்தவேண்டும். "கேட்டுக்கங்க! முழுப்பேர்! நமுனுகுல ஒம்பது, மடுல்சீமை எட்டு!" ஒவ்வொரு வளைவிலும் சத்தம் கொஞ்சம் கூடியது. முன் ஆசனத்துக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார்.

சந்தனம் லயத்து வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். மலைபோல இருந்தவன், சாக்கில் கட்டிய சுள்ளிபோல ஆகியிருந்தான். கண்ணாடியும் நீளக்கை வெள்ளைச் சட்டையும் கையில் குடையுமாக வந்தவரைக் கண்டதும் தட்டுத்தடுமாறி எழுந்தான். தலைத் துவாயை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"வாங்க, கிளாக்கர் ஐயா."

சுந்தரலிங்கம் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவருமில்லை.

"அண்ணே, இது யாருன்னு தெரியலையா?" என்றாள் வடிவம்மா.

"தெரியாம? பெரிய கிளாக்கர் ஐயா. நீ யாரு புள்ள? எங்க வடிவு சாயல்ல இருக்க."

வடிவம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கதவோரம் போய் நின்றாள். சுந்தரலிங்கம் "மச்சான், நான்தான்" என்று சொல்ல வாயெடுத்தார். வாய் கிளாக்கரின் யாழ்ப்பாணப் பாஷையில் திறந்துகொண்டது.

"சந்தனம், அந்தக் கடைசி ஆட்டத்திலை என்ன நடந்தது எண்டு உள்ளதைச் சொல்லும் பாப்பம்."

சந்தனம் இரண்டு பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "ஐயா கேட்டா பொய் சொல்லலாமுங்களா? அது முழுப்பேர்ங்க. மச்சான் நல்லா அழுத்தி வச்சிட்டான். நான்தான் வயித்துக்கு அடியில கையை விட்டுப் பந்தை இழுத்தேன்."

நாற்பத்துச் சொச்சம் வருஷம். சுந்தரலிங்கத்துக்குக் காது இரண்டும் கும்மென்றது. கத்தவேண்டிய இடம் இதுதான்.

"மச்சான்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க ஐயா."

"ஏன்?"

"இழுத்தது புத்தி இல்லங்க, கை. புத்தி அப்புறந்தான் வந்துச்சு. தங்கச்சியைக் கட்டிக் குடுத்து அஞ்சு மாசம். ஒருநாள்கூடப் பொறந்த வீட்டுக்கு அனுப்பல. பஸ் இல்ல, லீவு இல்லன்னு சாக்கு. அதையும் ஜெயிச்சிட்டுப் போனான்னா இந்தப் பக்கம் எட்டியாவது பார்ப்பானா? அரைப்பேரோட நின்னுச்சுன்னா, மிச்ச அரையைக் கேக்க ஓடி ஓடி வருவான். அவன் வந்தா வடிவும் வரும்." துவாயை இரண்டு கையாலும் முறுக்கினான். "இப்ப என்னங்க ஐயா தீர்ப்பு? முழுப்பேர் போட்டுருவீங்களா?"

கேட்டவன் முகத்தில் நிஜமான பயம் இருந்தது. சுந்தரலிங்கம் வடிவம்மாவைப் பார்த்தார். தொண்டைவரை வந்திருந்த ஒன்பதுக்கு எட்டு அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது.

"அரைப்பேர்தான்," என்றார். சத்தம் எழும்பவில்லை. செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "அரைப்பேர். மாத்தேலாது."

"அப்பாடா," என்று சந்தனம் குந்தினான். "அப்ப தீபாவளிக்கு வந்துருவான்."

பஸ் நிற்கும் இடத்தில் சுந்தரலிங்கம் பஸ்ஸை மூன்று தரம் சுற்றி வந்தார். நாலாவது சுற்றில் வடிவம்மாவின் முன்னால் நின்றார்.

"அவன் முழுப்பேர்னு சொன்னதை நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"நாலு பேருகிட்ட சொல்லுவியா?"

"நான் பொறந்த லயம் எதுங்க?" என்றாள் வடிவம்மா. அழுத கண்ணோடு சிரிப்பு வந்தது அவளுக்கு. "சொல்லமாட்டேன்."

"பாவிங்க! குடும்பமே பாவிங்க!" லயத்தை நோக்கி நாலு எட்டு வைத்தார். திரும்பினார். மறுபடி போனார். கொண்டக்டர் ஹுமைத் படியில் நின்று, "ஐயா, ஏறுறீங்களா, மலையை அளக்குறீங்களா?" என்று சத்தம் போட்டான்.

"தீபாவளிக்கு இன்னும் மூணு மாசம் கிடக்கே, வடிவு. அதுக்குள்ள இதையும் மறந்துட்டான்னா?"

"மறந்தா மறக்கட்டும்."

"எப்படி மறப்பான்? நான் விட்டுருவேனா?" அவர் படியில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாக நின்றபடி ஹுமைத்திடம் கேட்டார். "தம்பி, ஞாயித்துக்கெழமை பசறையில இருந்து இங்க வர முதல் பஸ் எத்தனை மணிக்கு?"