பதினெட்டால் பெருக்கணும்

சர்க்கரைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு ஊசி குத்துவது ஒரு நொடி வேலை. வாதாடுவதுதான் மீதி நாள் முழுக்க. இந்த உத்தியோகத்தில் மாரடிக்கிற சகோதரிகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எனக்குக் கூடுதலாக ஒரு கணக்கும் வந்து சேர்ந்தது.

அவருக்குப் பதினாலு

லண்டனிலிருந்து வந்த மகள் அப்பாவுக்கு ஒரு சர்க்கரை மெஷின் கொண்டுவந்தாள். நம் ஊர் மெஷின் நூறு மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று சொல்லும். அந்த ஊர் மெஷின் லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று சொல்லும். "பதினெட்டால பெருக்கிக்கோம்மா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாள். பழைய மெஷினை என் வீட்டுக்காரர் அன்றே தன் காலண்டர் பிரஸ் மேஸ்திரிக்குத் தானம் கொடுத்துவிட்டார்.

புதியது 14.3 காட்டியது. நான் பேப்பரில் பெருக்கி இருநூற்றைம்பத்தேழு என்று நிமிர்வதற்குள் சீரணி மிட்டாய்ப் பொட்டலம் பிரிந்திருந்தது. "முந்தின வாரம் இருநூத்தி அறுபது, இன்னைக்குப் பதினாலு. இம்புட்டு நாளா உன் மெஷின்தான் பொய் சொல்லியிருக்கு" என்றார்.

மாரியம்மாளுக்கு ஆறு

பின் தெரு மாரியம்மாளுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. தலைசுற்றல் என்று வந்தாள், குத்திப் பார்த்தேன். 5.8. ஆறு என்று வைத்துக்கொள்ளலாம், நல்ல அளவுதான் என்றேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் பத்துக்குக் கீழே போகக்கூடாது என்று கம்பெனிக்கு வந்த மெடிக்கல் கேம்ப் நர்ஸ் சொல்லியிருக்கிறாள். அது ஹீமோகுளோபின், இது சர்க்கரை, பெருக்கினால் நூற்று நாலு என்று தொண்டை வற்ற விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்க பெருக்குனா எனக்கு ரத்தம் ஊறிருமாக்கா?"

கட்டைவிரல்

இதற்கிடையில் வீட்டுக்காரருக்குச் செருப்பு கடித்த புண் மூன்று வாரமாக ஆறவில்லை. கால் கட்டைவிரல் கறுக்க ஆரம்பித்தது. இழுத்துக்கொண்டு கிளினிக் போனேன். தினமும் சர்க்கரை அளவைத் தன் கைப்பட எழுதிய நோட்டை அவர் நர்ஸிடம் நீட்டினார். 13, 14, 15. பெருக்கல் எதுவும் இல்லை. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பதினாலு சர்க்கரையோட ஒரு மனுசன் நடந்து வருவாராக்கா? ஒழுங்கா எழுதிட்டு வாங்க."

பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பெருக்கிப் பக்கத்தில் எழுதினேன். 234, 252, 270. டாக்டர் நோட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா விரலை எடுத்திருக்கணும்."

ஏழு

இன்சுலின் போட ஆரம்பித்து ஒன்றரை மாதம் ஆகிறது. புண் மூடிவிட்டது, விரல் இருக்கிறது. நேற்றுக் காலை 7.1. ஏழு என்றேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், காலை மடக்கி வைத்துக்கொண்டு தலை குனிந்தார். "பெருக்கியே சொல்லு ராணி. சின்ன நம்பரா சொன்னா எனக்குத் திமிர் வந்துருது."

பதினெட்டாம் வாய்ப்பாடு தப்பியதற்காக கான்வென்ட்டில் சிஸ்டர் என்னை முட்டி போட வைத்தது ஒரு கட்டைவிரலுக்காகத்தான் என்று அன்றே தெரிந்திருந்தால், முனகாமல் போட்டிருப்பேன்.