நடவு முடியட்டும்

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் அவரைச் சந்தித்தேன். என் மைத்துனரும் கண்காணிப்புக்காக உள்ளே இருந்தார். நான் சந்தித்தவர் நன்னிலம் பக்கத்து விவசாயி, ஐம்பது வயதிருக்கும். உள்ளேயிருந்து யார் வந்தாலும், தரை துடைப்பவரே வந்தாலும், எழுந்து மடித்துக்கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார்.

உள்ளே அவர் தம்பி. வயலில் நத்தை ஓடு காலைக் கிழித்து, மூன்றே நாளில் சீழ் முழங்கால்வரை ஏறி, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது.

காப்பீட்டுக்கு எந்த நகல், யார் கையெழுத்து என்று நான் சொல்லச் சொல்ல ஓடினார். அரசாங்கத்தில் முப்பது வருடம் ஜனங்களை அலையவிட்ட அனுபவம் எனக்கு. மதியத்துக்குள் அனுமதி வந்துவிட்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு நர்ஸ் அவரிடம் ஒரு தாளை நீட்டினார். தம்பியின் காலை எடுத்தால்தான் உயிர் தங்கும். விவசாயி கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“சார், இத தம்பிகிட்ட சொல்லணுங்களா?”

“நினைவு இல்லாதப்போ வேண்டாம். அண்ணன் கையெழுத்தே போதும்” என்றேன், விதிப்படி.

“மொத நாளே ஆஸ்பத்திரிக்குப் போறேன்னான் சார். ஆளு கெடைக்கிறதே கஷ்டம், நடவு முடியட்டும்டான்னு நாந்தான் நிறுத்தினேன். கண்ண முழிச்சா மொதல்ல என்னையத்தான் பாப்பான்.”

மறுநாள் மைத்துனரை அழைத்துக்கொண்டு கிளம்பியபோதும் அவர் வாசலில்தான் இருந்தார். காலை எடுத்த பிறகும் தம்பிக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. சீக்கிரம் விழிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாரா, கொஞ்சம் பொறுத்து விழிக்கட்டும் என்றா, அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.