கூண்டுக்குள் எண்ணூற்றுப் பன்னிரண்டு குதிரைகள்

812. ரஸ் பெட்ரோஸ்கியின் பனியனில் அச்சடித்திருக்கும் எண் இது. காபிக் குவளையிலும் இதுதான், காரின் நம்பர் பிளேட்டிலும் இதுதான். மனைவி டார்லீனின் பிறந்த நாளைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார். 812 என்பது ரஸ்ஸின் மஸ்டாங் காரின் குதிரைத்திறன். கம்பெனி கொடுத்தது நானூற்று அறுபது. மீதியைக் கொடுத்தவர் ரஸ்.

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வாரன் நகரத்து ஹாட் டாக் கடை வாசலில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் ஆலோசனை உண்டு.

"எந்த எஞ்சின் வாங்கலாம்னா? நாலு சிலிண்டர் துணி தைக்க. ஆறு சிலிண்டர் சர்ச்சுக்குப் போக. மனுஷன் வாங்குறது எட்டு."

அந்த எட்டுக்கு அவர் செய்திருக்கும் சீர்வரிசை கொஞ்சமல்ல. காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும் சூப்பர்சார்ஜர், அந்த அழுத்தத்தில் உடையாத பிஸ்டன்கள், எரிபொருளைத் தாராளமாக ஊற்றும் இன்ஜெக்டர்கள். சைலன்சர் இருந்த இடத்தில் வெறும் குழாய்; தெருக் குழந்தைகள் எவரும் நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது என்ற அக்கறை. இத்தனையும் மாட்டிக்கொண்டு, ரத்த அழுத்த மாத்திரை வாங்க முப்பது மைல் வேகத்தில் மருந்துக் கடைக்குப் போவார். மழை வந்தால் மஸ்டாங் வெளியே வராது. டார்லீனின் பழைய வேன் வரும்.

ஊருக்கு வெளியே கால் மைல் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே ஆறு வருடமாக ரஸ்ஸின் நேரம் பதினொன்றரை விநாடி. எண்ணூற்றுப் பன்னிரண்டு குதிரைகளுக்கு அது காலை நடை. காரணம் அவர் நாக்கின் நுனியில் இருக்கும்.

"பத்து செகண்டுக்குக் கீழ போனா, கார் கவுந்தா ஆளக் காப்பாத்துற இரும்புக் கூண்டு உள்ள இல்லாதவன வெளிய அனுப்பிடுவாங்கடா. அதான் முக்கால்வாசி தூரத்துல ஆக்சிலரேட்டர்லேருந்து கால எடுத்துடுறேன். விட்டா ஒம்பதுல போகும்!"

விதியை இந்த அளவுக்கு மதிக்கும் குடிமகன் மிச்சிகன் மாநிலத்தில் வேறு இல்லை. ஓடாத அந்த ஒன்பதுதான் ரஸ்ஸின் சொத்து. கடை வாசலில் அவருக்கென்று ஒதுக்கிய இடம், இளவட்டங்கள் காட்டும் மரியாதை எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

டார்லீனின் தம்பி மார்வ் வெல்டிங் வேலை செய்பவர். நல்லவர், சொன்னதை நம்புகிறவர். செப்டம்பரில், "ஏதோ கிறீச்னு சத்தம் வருது மச்சான், பாத்துத் தரேன்" என்று மஸ்டாங்கை வாங்கிப் போனார். பத்து நாள் கழித்துக் கடை வாசலில் கொண்டு வந்து நிறுத்தினார். உள்ளே, மணிக்கட்டுத் தடிமனில் சிவப்புக் கம்பிகள், மேலும் கீழும் குறுக்குமாக.

"பொறந்த நாள் பரிசு மச்சான்! இனிமே உன்ன ஒருத்தனும் வெளிய அனுப்ப முடியாது."

எல்லோரும் கைதட்டினார்கள். ரஸ் ஒரு கம்பியைத் தடவிப் பார்த்தார்.

"பின் சீட்டு எங்கடா?"

"கழட்டிட்டேன்."

"அப்ப மளிகைய எங்க வைக்கிறது?"

மறுநாள் பந்தயத் தடத்துக்குக் கடை வாசல் மொத்தமும் வந்துவிட்டது. வண்டிகளைச் சோதிக்கும் லொரெட்டா கூண்டைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். "ஜெயில் மாதிரி இருக்கு. தாராளமா மிதிங்க" என்று சொல்லி அனுமதி ஸ்டிக்கரை ஒட்டினார். ரஸ் அந்த ஸ்டிக்கரை நீதிமன்ற சம்மனைப் போலப் பார்த்தார்.

பச்சை விளக்கு எரிந்தது. டயர் புகைந்தது. மஸ்டாங் உறுமிக்கொண்டு பாய்ந்தது. முக்கால்வாசி தூரத்தில், வேலியோரம் ஒரு பல் மருத்துவரின் விளம்பரப் பலகை உண்டு. கார் அதை நெருங்கியதும், எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போலவே, சத்தம் அடங்கியது. தடத்தின் முடிவில் இருக்கும் மின்பலகையில் நேரம் விழுந்தது: 11.52.

கம்பிகளுக்கு நடுவே உடம்பை உருவிக்கொண்டு ரஸ் இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"நூத்தம்பது மைல் வேகத்தத் தாண்டினா வண்டிய நிறுத்தப் பின்னாடி பாராசூட் இருக்கணும்" என்றார். "ரூல்ஸ்டா. விட்டிருந்தா தாண்டியிருக்கும்."

மார்வ் தரையைப் பார்த்தார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த டார்லீன் கைப்பேசியை எடுத்து, கொஞ்ச நேரம் விரலால் தட்டினார்.

"ஆர்டர் போட்டாச்சு. சிவப்பு. உன் கூண்டுக்கு மேட்ச்சா இருக்கும்."

ரஸ் விலையைக் கேட்கவில்லை.

"எப்ப வரும்?"

"நவம்பர் நடுவுலயாம்."

அன்று எங்கள் எல்லோருக்கும் ரஸ்தான் ஹாட் டாக் வாங்கிக் கொடுத்தார், வெங்காயம் கூடுதலாகப் போடச் சொல்லி.

பனிக்காலத்துக்காகத் தடத்தை அக்டோபர் கடைசியில் மூடுகிறார்கள். மறுபடி திறப்பது ஏப்ரலில்.